குன்னூரில் வாங்கிய 12 வாசனை டீ: குடித்துப் பார்த்ததும், சில சந்தேகங்களும்

பவானிக்கரை எழுதியது:

போன மாதம் குடும்பத்தோடு குன்னூர் போயிருந்தோம். திரும்பும் வழியில் ஒரு கடையில் வாசனை டீ வகைகளைக் கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மூடியாகத் திறந்து மூக்குக்கு நேரே காட்டக் காட்ட எதை விடுவது என்றே தெரியவில்லை, 50 கிராம் பாக்கெட்டாக 12 வகை வாங்கிவிட்டேன். மூன்று வாரமாக தினமும் சாயங்காலம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்க்கிறோம். எனக்குத் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன், விவரம் தெரிந்தவர்கள் என் சந்தேகங்களுக்குப் பதில் சொன்னால் பெரிய உதவி.

முதல் நாள் ஏலக்காய். பாலோடு நன்றாகச் சேர்ந்தது, குறை ஒன்றும் இல்லை, ஆனால் வீட்டில் இரண்டு ஏலக்காய் தட்டிப் போடுகிற டீக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மசாலாவில் கிராம்பு தூக்கலாக இருந்தது. இஞ்சி டீ என்று வாங்கியதில் பச்சை இஞ்சியின் வாசமே இல்லை, சுக்குத் தண்ணீர் குடித்தது போல் தொண்டையில் ஒரு எரிச்சல் நின்றது. அம்மாவுக்கு அதுதான் பிடித்திருந்தது, சளிக்கு நல்லது என்று தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

அப்புறம் சாக்லேட், வெனிலா, ஸ்ட்ராபெர்ரி. கடையில் மூக்கைத் துளைத்தது இந்த மூன்றும்தான். பாக்கெட்டைப் பிரித்தால் வீடு முழுக்க மணக்கிறது, கொதிக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். ஆனால் வாயில் வைத்தால் ஒன்றும் இல்லை! வெறும் துவர்ப்பான டீ, அதுவும் மட்டமான தூள் என்று தெரிகிற டீ. ஸ்ட்ராபெர்ரி மட்டும் கொஞ்சம் வந்தது, ஆனால் அது பழத்தின் வாசம் இல்லை, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாசனை ரப்பர் ஒன்று விற்பார்களே, அதை மோந்தால் வருமே அந்த வாசம். என் பையன் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டான்.

எர்ல் கிரே வேறு கதை. பேர் மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன், குடித்தது இதுதான் முதல் தடவை. பால் ஊற்றாமல் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். முதல் மடக்கில் எனக்கு ஞாபகம் வந்தது பாட்டி வீட்டு நார்த்தை மரம். நார்த்தங்காய்த் தோலை நகத்தால் கீறினால் கையில் ஒரு எண்ணெய் தெறிக்கும் இல்லையா, கொஞ்சம் கசப்பும் கொஞ்சம் பூ வாசமுமாக, அது அப்படியே டீக்குள் இருந்தது. டீயின் ருசியும் கெடவில்லை. 12இல் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மல்லிகை டீயில் நான் தப்பு செய்துவிட்டேன் போலிருக்கிறது. நம் வழக்கப்படி தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது இலையைப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டேன், கசப்பு தாங்கவில்லை. ஆனால் கசப்புக்கு மேலே அந்தப் பூ வாசம் ஒரு நிமிடம் நிஜமாக வந்து போனது, அதை விடவும் மனசில்லை. செம்பருத்தி என்று வாங்கியது ரத்தச் சிவப்பாக இறங்கியது, புளித்தது, பால் ஊற்றியதும் திரிந்துவிட்டது. சங்குப்பூ நீலம் பார்க்க அழகு, எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறுவதைப் பிள்ளைகள் நாலு தடவை செய்து பார்த்தார்கள், ருசி என்று சொல்ல எதுவும் இல்லை. புதினாவும் எலுமிச்சைப்புல்லும் பரவாயில்லை. கடைசியாக அந்தக் கடைக்காரர் ‘ஃபிராஸ்ட் டீ’ என்று ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தார், விலை மற்றதைவிட அதிகம். அதில் பூ மாதிரி ஒரு மெல்லிய வாசம், பின்னால் லேசான இனிப்பு. என்ன வாசனை சேர்த்திருக்கிறார்கள் என்று பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எதுவும் அச்சிட்டிருக்கவில்லை.

என் சந்தேகங்கள் இவைதான். மூக்குக்கு அவ்வளவு வருகிற வாசம் ஏன் வாய்க்கு வருவதில்லை? எதில் பால் ஊற்றலாம், எதில் கூடாது? மிச்சம் இருக்கிற சாக்லேட், ஸ்ட்ராபெர்ரியை வீணாக்காமல் குடிக்க வழி உண்டா? அடுத்த தடவை போனால் எதைப் பார்த்து வாங்குவது?

கொழுந்துமலை எழுதியது:

தம்பி, நான் நீலகிரியில் ஒரு ஃபேக்டரியில் 20 வருஷத்துக்கு மேல் டீ மேக்கராக, அதாவது தேயிலைத் தயாரிப்பைக் கவனித்துக்கொள்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் நாக்கில் பட்டதைப் பட்டபடி எழுதியிருக்கிறீர்கள், அதனால் பதில் சொல்ல எனக்கும் சுலபம்.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். அந்த வெனிலா டீயை ஒரு டம்ளர் போட்டு, மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். துவர்ப்பும் கசப்பும் சூடும்தான் தெரியும், வெனிலா இருக்காது. விழுங்கியதும் விரலை எடுங்கள், தொண்டைக்குப் பின்பக்கமாக வாசம் மூக்குக்கு ஏறும். வாசனை டீ என்பது முழுக்க அந்தப் பின்வாசல் வழியாக வருகிற சமாச்சாரம். நாக்குக்கு அதில் வேலை கிடையாது. டீ ருசி பார்ப்பவர்கள் கரண்டியில் எடுத்துச் சர்ரென்று சத்தத்தோடு உறிஞ்சுவது இதற்காகத்தான், காற்றும் டீயும் கலந்து மூக்கின் பின்பக்கம் போய்ச் சேர வேண்டும். வீட்டில் நீங்களும் அப்படி உறிஞ்சிக் குடியுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

இப்போது உங்கள் சாக்லேட்டுக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். அந்த மாதிரி டீயில் பெரும்பாலும் காய்ந்த தூளின் மேல் வாசனைத் திரவத்தைத் தெளித்துப் புரட்டி எடுத்திருப்பார்கள். அது தூளின் மேலேதான் இருக்கிறது, சூடு பட்டதும் பறந்துவிடும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மணத்தது என்றீர்களே, உங்கள் டம்ளருக்கு வர வேண்டியது அவர் வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. அதனால் இந்த வகை எதையும் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டுத் தூளைப் போட்டு மூடி வையுங்கள், மூன்று நான்கு நிமிடம் போதும்.

இன்னொன்று, சர்க்கரை போட்டீர்களா? வெனிலா, சாக்லேட், ஸ்ட்ராபெர்ரி மூன்றையும் நாம் பிறந்ததிலிருந்து இனிப்போடுதான் சாப்பிட்டு வந்திருக்கிறோம். இனிப்பு இல்லாமல் அந்த வாசம் மட்டும் வந்தால் வாய்க்கு அது வெறுமையாகத்தான் தெரியும். அரை ஸ்பூன் சர்க்கரை போட்டுப் பாருங்கள், வாசம் கூடினது போல் இருக்கும். பால் இதற்கு நேர் எதிர், பாலில் இருக்கிற கொழுப்பு வாசத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளியே விடாது. ஏலக்காய், கிராம்பு மாதிரி அழுத்தமான சரக்கு பாலையும் மீறி வரும், மற்றது வராது.

செம்பருத்தி என்று உங்களுக்குக் கொடுத்தது வேலியோரம் பூக்கிற செம்பருத்தியாக இருக்காது. கடைகளில் விற்கிற புளிப்பான சிவப்பு டீ, பூவுக்கு அடியில் இருக்கிற சதைப்பற்றான சிவப்புப் புல்லி இதழ்களைக் காயவைத்தது, ஆந்திராக்காரர்கள் கோங்குரா என்கிறார்களே அந்தக் குடும்பம். அந்தப் புளிப்புக்குப் பால் திரியாமல் என்ன செய்யும். அதிலும் சங்குப்பூவிலும் தேயிலையே கிடையாது, அதனால் டீயின் ருசியை அதில் தேடாதீர்கள்.

எர்ல் கிரே உங்களுக்குப் பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. பெர்கமாட் என்கிற, எலுமிச்சை, நார்த்தை வகையறாவைச் சேர்ந்த ஒரு பழத்தின் தோல் எண்ணெய்தான் அதில் சேர்ப்பது, இத்தாலியின் தென்கோடியில் கலாப்ரியா பகுதியில் நிறைய விளைகிறது. நீங்கள் பாட்டி வீட்டு மரத்தைச் சொன்னதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சரியான இடத்தில் மூக்கு போயிருக்கிறது. 1830 முதல் 1834 வரை இங்கிலாந்தில் பிரதமராக இருந்த கிரே பிரபுவின் பேர் அது. அந்தக் கசப்பு கலந்த எண்ணெய் கறுப்பு டீயின் துவர்ப்போடு சேர்ந்து போகும், ஒன்றை ஒன்று அமுக்காது. நல்ல வாசனை டீக்கு என் கணக்கு அவ்வளவுதான், வாசத்துக்கு அடியில் டீ தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மட்டமான தூளை மறைக்கத்தான் வாசம் போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிராஸ்ட் டீயில் எதுவுமே சேர்க்கவில்லை தம்பி. டிசம்பர், ஜனவரியில் நீலகிரியில் ராத்திரி கடும் குளிராகவும் பகலில் நல்ல வெயிலாகவும் இருக்கும். செடி மெதுவாக வளரும், கொழுந்து கொஞ்சமாகத்தான் வரும், ஆனால் அந்த வாசம் மற்ற மாதங்களில் வராது. பறித்த கொழுந்தை ஈரம் குறைய வாட்டும்போதே ஃபேக்டரி மாடியில் பூ மணம் மணக்கும். இத்தனை வருஷத்தில் நான் வேலைக்கு ஆசையாகப் போன மாதங்கள் அவைதான்.

வாங்கும்போது இலையைக் கையில் கொட்டிப் பாருங்கள். முறுக்கின இலையாக இருந்தால் நல்லது, பொடிப்பொடியாக மாவு மாதிரி இருந்தால் வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றால் எல்லாவற்றையும் ஒரே அளவில் போடுங்கள். டீ சோதிப்பதற்குச் சர்வதேச அளவே 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம், 6 நிமிடம். அது குறைகளைத் தேடுகிற கணக்கு, குடிப்பதற்கு அவ்வளவு நேரம் வேண்டாம்.

பாய்லர்\_கரூர் எழுதியது:

கொழுந்துமலை ஐயா சொன்னது எல்லாம் சரி. நான் டீக்கடை வைத்திருப்பவன், இஞ்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பாக்கெட் இஞ்சி டீயில் இருப்பது காய்ந்த இஞ்சி, அதாவது சுக்கு. இஞ்சி காய்ந்தாலே குணம் மாறிவிடும், வாசம் போய்க் காரம் ஏறும். பச்சை இஞ்சியின் அந்த எலுமிச்சை வாடை வேண்டும் என்றால் பாக்கெட்டில் கிடைக்காது, தட்டித்தான் போட வேண்டும். தோலோடு தட்டுங்கள், அரைக்க வேண்டாம். முதலில் தண்ணீரில் போட்டு ஒரு கொதி வரவிட்டு அப்புறம்தான் பால். பச்சை இஞ்சியை நேராகச் சூடான பாலில் போட்டால் சில நாள் திரிந்துவிடும், கடையில் ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று கீழே கொட்டியிருக்கிறேன். கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் கிடந்தால் அந்தத் தொந்தரவு வராது.

என் கடைக்கு வருகிற நூறு பேரில் வாசனை டீ கேட்பவர் யாரும் இல்லை, இஞ்சி, ஏலக்காய் இரண்டோடு முடிந்தது. ஆனால் நீங்கள் எழுதினதைப் படித்ததும் அந்த எர்ல் கிரேயை ஒரு தடவை குடித்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

மொட்டைமாடி மல்லி எழுதியது:

சகோ, மல்லிகை டீயை மட்டும் தயவு செய்து தள்ளி வைத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் பச்சைத் தேயிலையில் செய்வது, கொதிக்கிற தண்ணீர் ஆகாது, 80 டிகிரி போதும். தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம், கொதித்த தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி இன்னொரு டம்ளருக்கு இரண்டு தடவை மாற்றுங்கள், அப்புறம் இலைமேல் ஊற்றி இரண்டு நிமிடம். வடித்த இலையைத் தூக்கிப் போடாமல் இன்னொரு முறையும் ஊற்றிக் குடிக்கலாம்.

நான் மதுரைப் பக்கம். எங்களுக்கு மல்லிகை புதிது இல்லை, ஆனால் அதை டீக்குள் எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்துகொண்டபோது உட்கார்ந்துவிட்டேன். சீனாவில் ஃபூஜியன் மாகாணத்து ஃபூஜோ இதற்குப் பேர் போன ஊர். வசந்த காலத்தில் பறித்த இலையைப் பதப்படுத்திக் கோடை வரைக்கும் காத்திருக்கிறார்கள், ஏனென்றால் மல்லிகை கோடையில்தான். மத்தியானத்துக்கு மேல் மொட்டாகப் பறித்து, ராத்திரி அது விரிகிற நேரத்துக்கு இலையோடு கலந்து குவித்து வைக்கிறார்கள். பூ வாசத்தை விட விட இலை உறிஞ்சிக்கொள்கிறது. காலையில் பூவைச் சலித்து எடுத்துவிட்டு, இலையில் ஏறிய ஈரத்தைக் காயவைத்து, மறுபடி புதுப் பூ. நல்ல டீ என்றால் இப்படிப் பல தடவை. அதனால் உயர்ந்த மல்லிகை டீயில் பெரும்பாலும் பூவே கண்ணில் படாது, பூ நிறையக் கிடக்கிறதே என்று பார்த்து வாங்காதீர்கள். அந்தப் பூவும் நம் மதுரை மல்லியும் ஒரே இனம் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

தேயிலை வாசத்தை எப்படி இழுக்கும் என்று எனக்கு ஏற்கெனவே ஒரு அனுபவம் உண்டு. பெருங்காய டப்பா பக்கத்தில் மூடி சரியாகப் போடாத டீத்தூளை ஒரு வாரம் வைத்துவிட்டேன், வந்த விருந்தாளிக்குக் கொடுத்த டீயில் ரசத்தின் வாசம். அன்றைக்கு அவ்வளவு வருத்தப்பட்டேன். அதே குணத்தை வைத்துத்தான் அவர்கள் மல்லிகை டீ செய்கிறார்கள் என்று தெரிந்ததும், நாமும் செய்தால் என்ன என்று மொட்டைமாடித் தொட்டியில் பூத்த மல்லியில் செய்து பார்த்தேன்.

வாசனை சேர்க்காத நீலகிரி கிரீன் டீ, எவர்சில்வர் தூக்கு ஒன்று. சாயங்காலம் ஆறு மணிக்கு வெள்ளை தட்டிய, மறுநாள் வைத்தால் தாங்காது என்கிற மொட்டாகப் பார்த்துப் பறித்தேன், காம்பைக் கிள்ளிவிட்டு ஒரு அடுக்கு இலை, ஒரு அடுக்கு மொட்டு என்று போட்டு மூடினேன். பத்து மணிக்குத் திறந்து பார்த்தேன். மொட்டு எல்லாம் இலைக்கு நடுவிலேயே விரிந்திருந்தது, தூக்கு லேசாக வெதுவெதுவென்று இருந்தது, வாசம் முகத்தில் அடித்தது. காலையில் பூ எல்லாம் துவண்டு பழுப்பாகிக் கிடந்தது, ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்து, நமத்துப்போன இலையைக் கனமான தோசைக்கல்லில் சின்னத் தீயில் கை பொறுக்கிற சூட்டில் புரட்டிக் காயவைத்தேன். மூன்று ராத்திரி செய்தேன். முதல் ராத்திரி இலை மணத்தது, ஆனால் தண்ணீரில் எதுவும் இறங்கவில்லை. மூன்றாவதுக்குப் பிறகுதான் குடித்து முடித்த டம்ளரில்கூட வாசம் நின்றது.

ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். பூக்கடையில் வாங்கிய பூவில் இதைச் செய்யாதீர்கள். மல்லித் தோட்டங்களில் பூச்சி மருந்து அடிப்பார்கள், அது தலையில் வைக்கிற பூ, வாய்க்குப் போகிற பூ இல்லை. மருந்து அடிக்காத வீட்டுச் செடி இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

ஊவாக்காற்று எழுதியது:

வணக்கம். நான் இலங்கையில் பண்டாரவளைப் பக்கம். டீ மேக்கர் ஐயா ஃபிராஸ்ட் டீயைப் பற்றிச் சொன்னதால் எங்கள் ஊர் வாசத்தையும் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

எங்கள் ஊவா மாகாணத்தில் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைக்கும் கச்சான் காற்று வீசும், ஈரமே இல்லாத வறண்ட காற்று. அந்த நாட்களில் கொழுந்து வாடி நிற்கும், அந்தக் கொழுந்தில் போட்ட தேயிலையில் ஒரு குளிர்ச்சியான வாசம் வரும், வலிக்குத் தடவுகிற தைலத்தின் சாயலில், கொஞ்சம் புதினாவும் கலந்த மாதிரி. புதினா ஒன்றும் போடுவதில்லை, இலை தானே உண்டாக்குவது. தைலத்தில் இருக்கிற அதே மெத்தில் சாலிசிலேட் இலையிலும் இருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கொழும்பு ஏலத்தில் அந்தப் பருவத்துத் தேயிலைக்குத் தனி மரியாதை.

எங்கள் அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். நல்ல இலை எல்லாம் ஸ்டோரிலிருந்து, அதாவது தேயிலை ஃபேக்டரியிலிருந்து, பெட்டியில் கப்பலுக்குப் போகும், தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துக்கு வருவது டஸ்ட் என்கிற பொடித்தூள். அதில் பால் இல்லாத வெறுந்தேத்தண்ணி ஊற்றி, ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டு, சீனியைக் கலக்காமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிப்போம். சீனி தனியாக, தேத்தண்ணி தனியாக நாக்கில் படும்போது சாயத்தின் ருசி மறையாது. இன்றைக்கும் நான் அப்படித்தான் குடிக்கிறேன். அம்மா எடுத்த கொழுந்தின் உண்மையான வாசத்தை நான் முதன்முதலில் குடித்தது 30 வயசுக்குப் பிறகு, கொழும்பில் ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கி. ஒரு பொட்டலம் அம்மாவுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, இது ஆகஸ்ட் மாதத்து இலை என்றார். பொட்டலத்தைப் பார்க்கவே இல்லை.

தம்பி, வாசனை சேர்த்த 12ஐக் குடித்துவிட்டீர்கள், அடுத்த முறை எதுவும் சேர்க்காத தேயிலையில் நாலு ஊர் எடுத்துக் குடித்துப் பாருங்கள். நீலகிரி, ஊவா, நுவரெலியா, டார்ஜிலிங். நாலுக்கும் நாலு வாசம்.

பவானிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்ன மூக்கு பிடிக்கிற சோதனையை நேற்று ராத்திரி வீட்டில் எல்லோரும் செய்தோம். விரலை எடுத்த நொடியில் வெனிலா வந்தது பாருங்கள், பையன் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருந்தான். சாக்லேட்டைக் கொதிக்கவிடாமல் மூடி வைத்து, அரை ஸ்பூன் சர்க்கரை போட்டு, பால் இல்லாமல் குடித்தோம். உண்மையிலேயே வாசம் இருந்தது, ஆனால் அடியில் இருக்கிற தூள் மட்டம்தான், அதை மாற்ற முடியாது. ஸ்ட்ராபெர்ரிக்கு இன்னும் அந்த ரப்பர் வாசம்தான் வருகிறது, அதை விட்டுவிட்டேன்.

மல்லிகையை இன்று காலையில் இரண்டு தடவை ஆற்றி ஊற்றி, இரண்டு நிமிடம் வைத்துக் குடித்தேன். கசப்பு துளிக்கூட இல்லை. இலையைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன், மொத்தமே மூன்று காய்ந்த பூதான் இருந்தது, குறைவாகப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று முதலில் நினைத்திருந்தேன்.

ஊவாக்காற்று அண்ணா, நீங்கள் அம்மாவைப் பற்றி எழுதினதை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அடுத்து ஊவா இலைதான், யாராவது அந்தப் பக்கம் போகும்போது சொல்லி வாங்கப் போகிறேன்.

மல்லி அக்கா, எங்கள் வீட்டு வாசலில் ஒரு மல்லிச் செடி இருக்கிறது, மருந்து அடித்ததே கிடையாது. 50 கிராம் இலைக்கு எவ்வளவு மொட்டு வேண்டும்?

மொட்டைமாடி மல்லி எழுதியது:

நான் எடை போட்டுச் செய்யவில்லை சகோ, இரண்டு கை நிறைய மொட்டு, அதே அளவு இலை. 50 கிராம் இலைக்கு ஒரு ராத்திரிக்கு ரொம்பப் பூ தேவைப்படும், உங்கள் ஒரு செடிக்குக் கட்டாது. 15 கிராமில் ஆரம்பியுங்கள். பறித்த பிறகு கழுவாதீர்கள், தண்ணீர் பட்டால் இலை கெட்டுவிடும். முந்தின நாளே செடியைக் கழுவிவிட்டால் போதும்.